நாடா பதிந்த இடம்

ஜனவரி 19

மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடி வைத்துப் பார்த்து, பார்த்ததை எழுதி வையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். நான் தினம் பார்க்கிறேன். அதனால் தினம் எழுத வேண்டியிருக்கிறது. இது உரக்கடையில் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் வாழைக்கு எப்போது யூரியா வைக்க வேண்டும், தென்னையில் வண்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறது. கடைசியில் அடுத்த வருஷக் காலண்டர் முழுவதும் ஒரே பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை.

முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன். என் பெயர் சங்கரவடிவு. பாளையங்கோட்டையில் கல்யாணப் பெண்களுக்குப் புடவை கட்டிவிடுவது என் தொழில். கல்யாணத்துக்கு முந்தின நாள் முகூர்த்தப் பட்டு என் வீட்டுக்கு வந்துவிடும். நான் மடிப்பு எடுத்துக் கிளிப் போட்டுக் கொடுப்பேன், வீட்டுக்காரர் தளவாய் இஸ்திரி போடுவார். அவர் வேலை பார்த்த நூல் மில்லை மூடியதிலிருந்து அவருக்கு இதுதான் வேலை. மறுநாள் விடியுமுன் மண்டபத்துக்குப் போய் நான் கட்டிவிடுவேன். நான் கட்டினால் மறுவீடு போய்ச் சேரும்வரை ஒரு மடிப்பு கலையாது என்று ஊரில் பேச்சு. அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உள்பாவாடை நாடாவை இறுக்க வேண்டும். "மூச்சை வெளிய விடும்மா" என்று சொல்லி, பெண் விடுகிற நேரத்தில் ஒரே இழுப்பு. என் இடுப்பிலும் வயதுக்கு வந்த நாள் முதல் அப்படித்தான் இழுத்துக் கட்டினேன்.

இடது இடுப்பில், முடிச்சு விழுகிற இடத்தில், கறுத்துத் தடித்து ஒரு கோடு. புடவை கட்டுகிற எந்தப் பெண்ணுக்கு அது இல்லை? அரித்தால் தேங்காய் எண்ணெய், வேர்த்தால் பவுடர். போன வருஷம் அதில் ஒரு புண் வந்தது. ஆறுகிற மாதிரி ஆறும், மறுபடி வாய் திறக்கும். நாடா படாமலிருக்க ஒரு கைக்குட்டையை மடித்து நடுவில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினேன். தோல் டாக்டரிடம் போனதுகூட இதற்காக இல்லை, கால் வெடிப்புக்காக. அவர்தான், "இடுப்புல என்ன, கைய வெச்சுட்டே இருக்கீங்க?" என்று கேட்டார்.

தோலில் புற்றுநோய். ஆரம்ப நிலை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் மார்கழியிலேயே வெட்டி எடுத்தாயிற்று. வெட்டிய ஓரமெல்லாம் சுத்தம், மருந்து வேண்டாம், கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்றார்கள். இனிமேல் நாடாவை மட்டும் இறுக்கக் கூடாது. "லேசுல போச்சு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஜனவரி 20

பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஜனவரி 21

பார்த்தேன். கொஞ்சம் சிவப்பு. விரலை வைத்து வைத்துச் சிவந்ததாக இருக்கும்.

ஜனவரி 23

தழும்பு பின்பக்கமாக வளைந்து போகிறது. பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்ததில் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். இன்றிலிருந்து அவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குளித்துவிட்டு வந்ததும் கூப்பிடுவேன். அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருவார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"பாக்கவேயில்ல, அதுக்குள்ள ஒண்ணுமில்லயா?"

மறுபடி குனிந்து நிதானமாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பொறுக்க முடியாமல் திரும்பினேன்.

"என்ன, என்ன இருக்கு? சொல்லுங்க!"

"ஏட்டி, நிதானமா பாக்கச் சொன்னது நீதான? ஒண்ணுமில்ல."

பாவம், அந்த மனிதர் என்ன செய்வார். சீக்கிரம் சொன்னால் சண்டை, மெதுவாகச் சொன்னால் பயம்.

ஜனவரி 29

தை பிறந்த பிறகு முதல் கல்யாணம். புடவை கட்டிவிடப் போகிறவள் சுடிதாரும் எலாஸ்டிக் பேண்டும் போட்டுக்கொண்டு போய் நின்றால் எப்படி இருக்கும்? பெண்ணின் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புடவை கட்டுத அம்மா இன்னும் வரலையா?" என்று என்னிடமே கேட்டாள்.

கட்டினேன். நன்றாகத்தான் கட்டினேன். ஆனால் பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்ததும் பெண்ணின் கொசுவம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மேடையிலேயே அந்த அத்தை குனிந்து ஊக்கு குத்தினாள். வீடியோக்காரன் அதையும் எடுத்தான்.

சாட்டின் உள்பாவாடை. காட்டன்தான் வாங்க வேண்டும் என்று தலைப்பாடாகச் சொல்லியும் கேட்பதில்லை. வழுக்கத்தானே செய்யும்.

பிப்ரவரி 6

இன்றும் இறங்கியது. காட்டன் உள்பாவாடைதான். பெண் ஓரிடத்தில் நிற்கவில்லை, செல்ஃபி எடுக்கிறேன் என்று துள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஜெசிந்தாவும் நானும் ஆட்டோவில் திரும்பினோம். மேக்கப் அவள், புடவை நான் என்று பத்து வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்து போகிறோம். கல்யாணம் பிடித்து வருவது அவள்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்டாள்.

"அக்கா, கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. நாடாவ ஏன் அப்படி லேசா முடிஞ்சிய?"

"எப்பவும் போலத்தான் முடிஞ்சேன்."

"இல்லக்கா. நான் கண்ணாடியில பாத்துட்டுதான் இருந்தேன். மூச்ச விடச் சொன்னிய, அவளும் விட்டா. நீங்க இழுக்கல."

இவளுக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பேசாமல் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டிருந்தால் என்ன?

பிப்ரவரி 17

தினம் ஒத்துப் பார்ப்பதற்காகத் தழும்பை என் போனில் படம் எடுத்து வைக்க அவரிடம் சொல்லியிருந்தேன். இன்று ஒரு பெண்ணின் அம்மாவுக்கு ஜாக்கெட் டிசைன் காட்டிக்கொண்டிருக்கும்போது, போன் தானாகவே அந்தப் படங்களையெல்லாம் கோத்து, 'இனிய நினைவுகள்' என்று தலைப்புப் போட்டு, வயலின் இசையோடு ஓட விட்டது. என் இடுப்பு ஒவ்வொன்றாகக் கரைந்து இன்னொரு இடுப்பாக மாறியது. "இது என்ன டிசைன்?" என்று அந்த அம்மா கேட்டாள். எம்ப்ராய்டரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

மார்ச் 5

யார் எதைக் கேட்டாலும் "செக்கப் முடியட்டும்" என்றே வாயில் வருகிறது. வைகாசிக் கல்யாணத்துக்கு வருவீர்களா என்றால், செக்கப் முடியட்டும். கூரையில் ஒழுகுகிற இடத்தைப் பூசலாமா என்றால், செக்கப் முடியட்டும். இன்று காஸ்காரன் சிலிண்டர் எப்போது வேண்டும் என்று கேட்டதற்கும் அதையே சொல்லிவிட்டேன்.

மார்ச் 20

செக்கப். டாக்டரம்மா சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு லென்சை வைத்துத் தழும்பு முழுவதும் பார்த்தார். பிறகு படுக்கச் சொல்லி இரண்டு தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"சூப்பர்மா. ஒண்ணுமே இல்ல. நிம்மதியா போங்க, ஜூன் பத்தொன்பது வாங்க."

வெளியே வந்து இருவரும் ரோஸ்மில்க் குடித்தோம். பிறகு பரோட்டா சாப்பிட்டோம். பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தது. நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கியே போனேன். இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று!

மார்ச் 22

இடது பக்கத் தொடை இடுக்கில் டாக்டரம்மா கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்தினாரோ? வலது பக்கம் சட்டென்று முடித்துவிட்டார். இடது பக்கம்தான் நேரமாயிற்று. ஒன்றும் இல்லாத இடத்தில் எதற்கு அவ்வளவு நேரம்?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நான் வெளிய பெஞ்சுலல்லா இருந்தேன்" என்றார்.

ஆக, 'ஒன்றுமில்லை' எனக்கு ஒன்றரை நாள்தான் தாங்கியது. இதற்கா மூன்று மாதம் காத்திருந்தேன்? அலுப்பாக இருக்கிறது. பயத்தைவிட இந்த அலுப்புதான் ஆளைக் கொல்கிறது.

ஏப்ரல் 10

வெயில். இஸ்திரி அறைக்குள் நிற்க முடியவில்லை. வேர்த்தால் தழும்பு அரிக்கிறது. அரித்தால் சொறியக் கூடாது, சொறியாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 24

இன்று நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பெரிய இடத்துக் கல்யாணம். பெண்ணின் அம்மா பெயர் பூரணம். என் வயதுதான். நல்ல வாட்டசாட்டமான பெண்பிள்ளை, குரலும் அப்படி. மகளுக்குக் கட்டி முடித்ததும், "எனக்கும் ஒரு இழுப்பு இழுத்து விடுங்க, நாள் பூரா நிக்கணும்லா" என்று வந்து நின்றாள். புடவையைத் தளர்த்தி நாடாவை அவிழ்த்தேன். இடது இடுப்பில் அதே கறுப்புக் கோடு. கோட்டின் நடுவில் ஒரு புண். ஈரமாக இருந்தது. அதன்மேல் பவுடர் அப்பியிருந்தது.

நாடா கையில் இருக்கிறது. அந்தப் புண்ணின் மேல் அதை வைத்து இழுக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

"யக்கா, இத டாக்டர்ட்ட காட்டுங்க" என்றேன்.

"எத?"

"இந்தப் புண்ண. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கேன்சர்னு சொல்லி வெட்டி எடுத்தாங்க."

கண்ணாடி முன் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் திரும்பிப் பார்த்து, "அம்மா!" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. ஜெசிந்தா பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், மை கரைந்துவிடாமலிருக்க.

பூரணம் நாடாவை என் கையிலிருந்து பிடுங்கினாள். "என்ன பேச்சு பேசுதிய? மேளக்காரங்க வந்தாச்சு, தாலி ஏறப்போற நேரம். கல்யாண வீட்டுல வாயில வர வேண்டிய வார்த்தையா இது? உங்களுக்கு வந்துச்சுன்னா ஊருக்கெல்லாம் வரணுமா?"

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பந்தியில் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் வந்து நின்ற பிறகுதான் என் ஊக்குப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது.

ஏப்ரல் 25

ஜெசிந்தா ஊக்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உட்காரவில்லை.

"கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்கக்கா. உடம்பு முக்கியம்லா. நானே கூப்பிடுதேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்படி அன்பாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? காப்பி குடித்துவிட்டுப் போ என்றேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். பிப்ரவரியிலேயே சரிதான். என் கை இழுக்க மாட்டேன் என்கிறது. நாடாவை இழுக்கப் போகும்போது என் இடுப்பில்தான் இழுபடுகிறது. இருபது வருஷமாக எத்தனை பெண்களை இழுத்துக் கட்டியிருப்பேன்? அவர்கள் இடுப்பிலெல்லாம் இப்போது என்ன இருக்கிறது?

மே 6

பார்த்தேன்.

மே 7

இன்று அவரைக் கூப்பிடவில்லை. அவருக்கும் ஆயிரம் வேலை. தினம் எதற்கு? டாக்டரம்மா மாதம் ஒரு தடவைதானே சொன்னார்.

மே 9

மாங்காய் வாங்கினேன். பாதி ஊறுகாய், பாதி வற்றல். மொட்டை மாடியில் காக்கையை விரட்டவே ஆள் வேண்டும்.

மே 15

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறோம்.

மே 23

ஜெசிந்தா வேறு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். நன்றாகக் கட்டுகிறாளாம். சரி. மடிப்பு எடுக்கிற புடவைகள் மட்டும் இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. அவர் இஸ்திரி போடுகிறார், நான் கிளிப் போடுகிறேன். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. வெயில் காரணம்.

ஜூன் 2

வற்றல் நன்றாகக் காய்ந்துவிட்டது. டப்பாவில் போட்டாயிற்று.

ஜூன் 19

இஸ்திரிப் பெட்டி பழுதாகிவிட்டது. கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 24

பூரணம் போன் செய்தாள். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்காதிய" என்றாள். கல்யாண மண்டபத்தில் கேட்ட குரல் இல்லை, ரொம்பச் சின்னக் குரல். "நீங்க சொல்லிட்டுப் போனதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லல, மக்கள்ட்ட சொல்லல. தனியா போக பயமா இருக்கு. உங்களுக்கு அந்த டாக்டரத் தெரியும்லா? கூட வாறியளா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சும்மா துணைக்குத்தானே. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஜூன் 26

பெஞ்சில் உட்கார விடவில்லை. பூரணம் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கை ஐஸாக இருந்தது.

டாக்டரம்மா லென்சை வைத்துப் பார்த்தார், ஒரு கண்ணாடி வில்லையில் கொஞ்சம் சுரண்டி எடுத்து அடுத்த அறைக்கு அனுப்பினார். காத்திருந்தோம். பூரணம் ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டு, "இது படைதான்மா, வேற ஒண்ணுமில்ல. ஈரத்தோட நாடா கட்டிக் கட்டிப் புண்ணாயிருக்கு. க்ரீம் தர்றேன். நாடாவ லூசாக் கட்டணும், ஒரு மாசத்துல ஆறலைன்னா உடனே வரணும்" என்றார். பூரணம் அந்த இடத்திலேயே ஓவென்று அழுதாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. முதலில் வந்தது பொறாமை. இவளுக்கு மட்டும் க்ரீம். எனக்கு ஏன் க்ரீமோடு போகவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் சந்தோஷம் வந்தது.

கிளம்புகிற நேரத்தில் டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க போன வாரமே வந்திருக்கணுமே?"

"இஸ்திரிப் பெட்டி ரிப்பேர்" என்றேன்.

அவர் பரிசோதனைப் படுக்கையைக் கை காட்டினார். பூரணம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "கல்யாண வீட்டுல, மேளச் சத்தத்துக்கு நடுவுல வச்சு எங்கிட்ட அம்புட்டு தைரியமா சொன்னிய. இப்ப ஏன் கதவப் பாக்கிய? ஏறிப் படுங்க."

ஏறிப் படுத்தேன்.

இப்போது எழுதிவிடுகிறேன். மே ஆறாம் தேதி குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. தழும்பு முடிகிற இடத்தில், கடுகு அளவுக்கு, கெட்டியாக. அன்றிலிருந்து ஒரு நாள்கூட அதைத் தொடாமல் இருந்ததில்லை. அவரைப் பார்க்கச் சொல்லவும் இல்லை. அவர் பார்த்தால் அது நிஜமாகிவிடும். இந்த டைரியில்கூட எழுதவில்லை. மாங்காய் வற்றலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். "தையல் நூல் உள்ள மிச்சமிருந்து தடிச்சிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனா இருக்கலாம்னு சொல்லி உங்கள வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று, மரத்துப்போக ஊசி போட்டு அதை அப்படியே எடுத்துவிட்டார். ரிப்போர்ட் ஜூலை நான்காம் தேதி.

ஜூன் 28

ரிப்போர்ட் வரும்வரை கையைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். தையல் மிஷினை எடுத்து வைத்தேன். நாடாதானே வெட்டுகிறது? நாடா இல்லாமல் கட்டினால் என்ன? கெட்டிக் காட்டன் துணியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை தைத்தேன். பின்பக்கம் கொஞ்சம் எலாஸ்டிக், முன்பக்கம் கொக்கி. அதை உள்பாவாடைக்கு மேல் வைத்துச் சேர்த்துத் தைத்தேன். அழுத்தம் ஒரே கோட்டில் விழாமல் பரவிவிடும். ஆனால் பட்டுப்புடவையின் கனத்தை அது தாங்குமா?

என் மேல் கட்டிப் பார்க்க முடியாது, பிளாஸ்திரி இருக்கிறது. வீட்டில் இருக்கிற இன்னொரு இடுப்பு அவருடையதுதான்.

"சீ, போ ஏட்டி" என்றார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

என் கல்யாணப் பட்டையே எடுத்துக் கட்டினேன். கொசுவம் வைத்து, முந்தி போட்டு, ஊக்கு குத்தி முடித்தேன். மீசையும் பட்டுமாக, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேஷம் கட்டின ஆள் மாதிரி நின்றார். நடந்து காட்டச் சொன்னேன். கூடத்திலிருந்து அடுப்படிவரை நடந்தார். இறங்கவில்லை. உட்கார்ந்து எழுந்திரிக்கச் சொன்னேன். இறங்கவில்லை. கடைசியாக, புடவை எப்போதும் கழன்று விழுகிற இடம், பெரியவர்கள் காலில் விழுகிற இடம்.

"யாரு காலுல விழ?"

"என் காலுல விழுங்க, வேற யாரு இருக்கா."

விழுந்தார். எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வடிவு, நான் அத முன்னாலயே பாத்துட்டேன்."

"எத?"

"அந்தக் கடுக. மே மாசம் பொறந்ததுமே. ரெண்டு நாளு பாத்தேன். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். நீ கூப்பிடுததை நிப்பாட்டினதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. தினம் நீ குளிச்சிட்டு கூப்பிடுத வரைக்கும் எனக்குக் கை காலு ஓடாது தெரியுமா? பயமா இருந்துச்சு. சொல்லத் தெரியல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல்! இருவரும் ஒரே கடுகை இரண்டு பக்கமாக ஒளித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரை எப்படித் திட்டுவது? நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே பாத்தா பாத்ததச் சொல்லணும்" என்றேன்.

"நீயும் தொட்டாத் தொட்டதச் சொல்லணும்" என்றார்.

சரி என்றேன். கொசுவம் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

ஜூன் 30

ஜெசிந்தாவை வரச் சொல்லிப் பட்டையைக் காட்டினேன். உருட்டிப் புரட்டிப் பார்த்தாள். எதில் கட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இந்தத் தடவை காப்பி குடித்துவிட்டுத்தான் போனாள். ஒன்றும் உறுதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 3

நாளைக்கு ரிப்போர்ட்.

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். சாயங்காலம் பூரணம் வந்தாள். புண் காய்ந்துகொண்டு வருகிறதாம். கை நிறைய மல்லிகைப்பூ கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசி, நான் தைத்த பட்டையையும் பார்த்துவிட்டு, "சின்னவளுக்கும் நிச்சயமாயிட்டு" என்றாள். "தை மாசம். ஜனவரி முப்பத்தொண்ணு. நீங்கதான் வந்து கட்டணும். அந்தப் பட்டையே வச்சுக் கட்டுங்க, எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க."

"செக்கப் முடி..." என்று வாய் தொடங்கிவிட்டது.

பாதியில் நிறுத்தினேன். அவர் இஸ்திரி போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள், அது எனக்கு ஒன்றரை நாள் வந்தது. நாளைக்கும் ஒன்றுமில்லை என்றே சொல்லட்டும், அதுவும் ஒன்றரை நாள்தான் வரும். இருக்கிறது என்றால் மறுபடி வெட்டுவார்கள், மறுபடி மூன்று மாதம். எந்தச் செக்கப் முடிந்து நான் யாருக்குப் பதில் சொல்லப் போகிறேன்? தைரியம் வந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது, இதை எழுதும்போதும் இடது கை பிளாஸ்திரியில்தான் இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அந்த அலுப்பில்தான் சொன்னேன்.

"சரி, வாரேன்."

பூரணம் போன பிறகு டைரியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த வருஷக் காலண்டர். எழுத்து அவ்வளவு பொடிசு, அவருடைய கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டுதான் ஜனவரியையே கண்டுபிடித்தேன். முப்பத்தொன்றைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டேன். வட்டம் பெரிதாகிவிட்டது, பக்கத்திலிருந்த முப்பதும் அதற்குள் வந்துவிட்டது. இருக்கட்டும். முந்தின நாளே மடிப்பு எடுக்க வேண்டுமே.